பதவி போன பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். புளி இந்த வருஷம் நல்ல காய்ப்பு, உலுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எம்.எல்.ஏ. என்றால் கல்யாணத்துக்கு மொய் வைப்பதும் திறப்பு விழாவுக்கு வருவதும்தானே, பதவி போனால் யார் நினைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு நம்ம அரூர் எம்.அண்ணாமலைதான் ஞாபகம் வந்தார். ஓசூர் போய் அவரை மறந்துவிட்டாயா?

1989-இல் மார்க்சிஸ்ட் கட்சியில் நின்று ஜெயித்தார். 1991 ஜனவரியில் ஆட்சியைக் கலைத்ததில் இரண்டே வருஷத்தில் பதவி போனது. அடுத்த தேர்தலில் தொகுதி காங்கிரசுக்குப் போய்விட்டது. அவர் செய்த பெரிய காரியம் அதற்கப்புறம்தான்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் நம்ம பக்கத்து மலைவாழ் மக்கள் ஊரான வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். வீடுகளை நொறுக்கி, ஆடு கோழிகளை அறுத்துத் தின்று, மிச்சத்தைக் குடிநீர்க் கிணற்றில் வீசினார்கள். பெண்களும் கைப்பிள்ளைகளும் சேலம் ஜெயிலில், தப்பியவர்கள் காட்டில். சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு ஊர் இப்படிக் காலியாகிக் கிடந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை.

மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ.சண்முகமும் அண்ணாமலையும்தான் அங்கே போய் நின்றார்கள். அப்போது அண்ணாமலை கையில் அதிகாரம் எதுவும் இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசாங்கமே சாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. அடையாள அணிவகுப்பில் ஆட்களை நேருக்கு நேர் பார்த்துக் கைகாட்டிய அந்தப் பெண்களின் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

2011 செப்டம்பர் 29, தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. அன்றைக்கு அரூர் எம்.எல்.ஏ. டில்லிபாபு, அவரும் அதே சங்கத்து ஆள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் அந்தத் தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். முப்பத்தோரு வருஷம், நண்பா.

சட்டசபையில் அண்ணாமலை என்ன பேசினார் என்று இங்கே யாரும் பேசுவதில்லை. வாச்சாத்திக்குப் போனதைத்தான் சொல்கிறார்கள்.

சித்திரையில் வரும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு வா. அடுத்த தேர்தலில் அவனுக்கு முதல் ஓட்டு என்றாயே, ஒரு நாள் மூன்று பேரும் வாச்சாத்திக்குப் போய்வரலாம். புளி ரெண்டு தூக்கு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அரூர் நண்பன்