அம்மிணி, செவலை இப்ப கம்முனு படுக்கறான்

அம்மிணி கண்ணு,

நல்லாருக்கியா, மாப்ள நல்லாருக்காரா. போன்ல பேசுனா அஞ்சு நிமிசத்துல மீட்டிங்னு வெச்சுடற, பாதி நாயம் பாதிலயே நிக்குது, அதுனால தான் எழுதறேன். ரெண்டு நாளா திண்ணைல உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்றேன், தப்பு கிப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

வர்ற வெள்ளிக்கெழமை உன் லாப்ரடார் நாயி மிலோவக் கூட்டிட்டுப் போறதா சொன்னயில்ல, அதுக்கு முன்னால இந்த ரெண்டரை மாசம் இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியோணும், இல்லீன்னா அங்க போயி பத்தே நாள்ல மறுக்கா சோபாவத் திங்க ஆரம்பிச்சுடுவான், நீ மறுக்கா அழுதுட்டே போன் பண்ணுவ. அப்பறம் இன்னொண்ணு, மிலோங்கற பேரு உங்கம்மா வாயில நொழையவே இல்ல, நெறத்தப் பாத்து செவலைன்னு கூப்புட ஆரம்பிச்சா, இப்ப பால் ஊத்தற பையன்ல இருந்து எல்லாருக்கும் செவலை தான். ரெண்டு பேருக்கும் திரும்பிப் பாக்கறான், கோவிச்சுக்காத.

நீங்க கார்ல கொண்டாந்து எறக்குன அன்னைக்கு நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது, நீங்க கெளம்புன பொறகு தான் கூத்தே. உங்கம்மா முந்தானையப் புடிச்சு இழுத்து ஒரு மொழம் கிழிச்சான், மோர்ப்போசிய உருட்டுனான், கட்டுத்தரைக்குள்ள பூந்து மயிலை மாட்டச் சுத்திச் சுத்திக் குலைச்சு அது மெரண்டு கவுத்த அத்துக்கிச்சு. பத்து மாசக் குட்டி, முப்பது கிலோ. ராத்திரி பதினோரு மணிக்கும் வாசல்ல வட்டம் போட்டுட்டு இருக்கான். நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, காலைல ஒரு மணி நேரம் ஓடறோம், பொழுதோட பார்க்ல இருட்டற வரைக்கும் பந்து வீசறோம், இவனுக்கு சார்ஜே எறங்க மாட்டேங்குதுப்பான்னு.

நானும் அதையே தான் பண்ணுனேன். சிரிக்காத. டிவிஎஸ் எக்ஸெல்ல ஒரு கையில கவுறு புடிச்சுட்டு பிஏபி பாசன வாய்க்கா வரைக்கும் போயிட்டு வர்றது, போக வர நாலு கிலோமீட்டர் இருக்கும். மூணு நாள் வந்ததும் பொத்துனு விழுந்து தூங்குனான், ஆகா வேலையாச்சுன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் பாத்தா நாலு கிலோமீட்டர் ஓடி வந்து தண்ணி குடிச்சுப்போட்டு தென்ன மரத்தச் சுத்தி இன்னொரு ரவுண்டு போறான், நான் தான் தோள்பட்டை புடிச்சுட்டுப் படுத்துக் கெடந்தேன். அப்பத்தான் ஒறைச்சுது. ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குக் காளையத் தயார் பண்றவன் என்ன பண்றான், தெனமும் ஓட்டறான், தீவனம் எச்சாப் போடறான், இன்னம் கொஞ்சம் தூரம் ஓட்டறான். நீயும் நானும் சேர்ந்து இவனுக்கு ரேக்ளாப் பழக்கம் பண்ணிட்டு இருந்திருக்கறோம், மூச்சுக்கட்டு ஏறிட்டே போச்சு, கம்முனு இருக்கறதுக்கு மட்டும் ஆரும் சொல்லிக் குடுக்கல.

ஒரு விசயம் உங்கம்மா சொல்லியிருக்க மாட்டா, நானே சொல்லிப்போடறேன். பதினஞ்சாவது நாளோ என்னமோ, தாவி மூஞ்சில மோதுனதுல என் கண்ணாடி ஒடைஞ்சு போச்சு, கோவத்துல மாட்டுக்கு வெச்சிருந்த குச்சில ரெண்டு போட்டுட்டேன். ஒடம்பச் சுருட்டிட்டு அங்கயே ஒண்ணுக்குப் போயிட்டான் கண்ணு. ரெண்டு நாள் நான் கைய ஒசத்துனாவே பம்முனான், அப்பறம் பழையத விட எச்சாத் துள்ளுனான். அங்க ஒரு ட்ரெயினரு கழுத்த இறுக்கற செயின் போட்டுப் பழக்குனான்னு சொன்னயில்ல, அப்பவும் இதே தான் நடந்திருக்கும், பயந்த நாய் அடங்குனாப்புல தெரியும், உள்ள படபடப்பு அப்புடியே தான் இருக்கும். நாப்பது வருசம் மாடு மேச்சவன் நான், மெரண்ட கன்ன அடிச்சா இன்னம் மெரளும்னு எனக்குத் தெரியாதா, தெரிஞ்சும் பண்ணுனேன். குச்சிய அட்டாலில தூக்கிப் போட்டாச்சு.

மாட்டுக்கு சினை ஊசி போட கால்நடை மருந்தகத்துக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டேன், சின்னப் புள்ள தான், நாமக்கல் காலேஜ்ல படிச்சதாம். மொதல்ல கொண்டு வாங்க பாக்கறேன்னுச்சு. காதுக்குள்ள உண்ணி, வயித்துல பூச்சி. ஒடம்புல அரிப்போ வலியோ இருந்தா எந்த நாயும் ஒரு எடத்துல படுக்காதுங்கய்யா, அதப் பாக்காம பழக்கறேன்னு எறங்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு மருந்து குடுத்துச்சு. அதுக்கப்பறம் ஒரு கேள்வி கேட்டுச்சு பாரு, இவன் ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்கறான்னு. நான் முழிச்சேன். எவ்வளவு ஓடறான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

குட்டில ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் கூடத் தூங்குமாமா, வளர்ந்த நாயே பாதி நாள் தூங்கோணும். தூக்கம் பத்தலீன்னா கைக்கொழந்த மாதிரி தான், தூங்காம சிணுங்கி எகிறும், நாம அதப் பாத்து இன்னம் தெம்பு இருக்குன்னு நெனச்சு மறுக்கா ஓட்டுவோம். உங்க ப்ளாட்ட நெனச்சுப் பாத்தேன், ஹால்ல டிவி, லிப்ட் சத்தம், ஆளு மாத்தி ஆளு, ஸ்விகி காரன் பெல்லு, நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல இருந்து வேலை பாத்துட்டு மீட்டிங்குக்கு நடுவால அவனக் கொஞ்சறது. எப்பத்தான் தூங்குவான் பாவம். அதுலயும் இந்த ஒடம்பு வளர்ற வயசு, பெரிய சாதி நாய்க்கு ஒடம்பும் புத்தியும் அடங்க ரெண்டு வருசம் ஆகும்னு சொல்லுச்சு. கவ்வறது, தண்ணில குதிக்கறது, கொண்டாந்து குடுக்கறது எல்லாம் லாப்ரடாருக்கு ரத்தத்துலயே இருக்காம், கனடாப் பக்கம் நியூபவுண்ட்லாந்துல மீன் புடிக்கறவங்க கூட வேலை செஞ்ச நாயோட வம்சமாம். அது தெரிஞ்சதும் இவன் என் செருப்பத் தூக்கிட்டு வர்றப்ப வந்த கோவம் பாதி போயிருச்சு.

அன்னைல இருந்து வெயில் ஏறுனா ஆசாரத்துக்குப் பக்கத்துல அந்த நெல்லு மூட்ட ரூம்ல ஒரு கவுத்துல கட்டி, சன்னல்ல சாக்க மாட்டி, பேன் போட்டு விட்டுருவேன். மொத நாலு நாள் குலைச்சான், நான் வாசப்படிலயே உக்காந்து பேப்பர் படிச்சேன், பேசலை, பாக்கலை. அஞ்சாவது நாள் பதினொண்ணுக்குப் படுத்தவன் மூணரைக்குத் தான் எந்திரிச்சான். உங்கம்மா செத்துப் போயிட்டானான்னு ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனா.

நம்ம கருப்பனும் ஒரு காரணம். கெழட்டு நாய், வேப்ப மரத்தடில கெடந்தா பொழுது சாயற வரைக்கும் அசையாது. புதுக் காளைய நொகத்துல பழக்கறப்ப பழைய காளையோட தான ஒட்டுக்காப் பூட்டுவாங்க, அதே கதை தான். இவன் போயி காதக் கடிப்பான், அது ஒரு உறுமல் உறுமும், அவ்வளவு தான், இவன் ஒரு கஜம் தள்ளி உக்காந்துக்குவான். இப்ப அது படுத்தா இவனும் படுக்கறான். அங்க உனக்குக் கருப்பன் கெடையாது, தெரியும், அந்த எடத்துல நீ தான் இருக்கோணும்.

ஓட்டத்தக் கொறச்சுட்டேன், நிறுத்தலை. வெடியக்காலம் ஆறு மணிக்கு, தார் சூடேறும் முன்னால, நம்ம கொரங்காட்டு மேய்ச்சலுக்குள்ள இருபதடி கவுத்துல விட்டுட்டு அவன் பொறத்தாலயே மெதுவாப் போறேன். கிளுவ வேலி ஓரம் பூராவும் மோந்து மோந்து போவான், ஒரே வெள்வேல மரத்தடில அஞ்சு நிமிசம் நிப்பான், மொசல் போன தடமோ கீரி போன தடமோ ஆருக்குத் தெரியும். நான் இழுக்கறதில்ல. அரை மணி நேரம் மோந்து பாத்தான்னா எக்ஸெல் கூட ஓடுனத விட அலுத்துப் போறான், மூக்குக்கு அத்தன வேலை. பந்த ஒரே மூச்சா அம்பது தடவை வீசற வேலைய அங்க போயி தயவு செஞ்சு விட்டுரு, அது வெறியத்தான் ஏத்துது, வேணும்னா நாலு தடவை வீசு, அப்பறம் பந்த ஒளிச்சு வெச்சுத் தேடச் சொல்லு. வெளிய போறப்ப கவுத்த மட்டும் ஒரு நாளும் அவுத்து விடலை. நம்ம பக்கம் நாய் பட்டிக்குள்ள பூந்து ஆட்டக் கடிச்சுப் போடற கொடும உனக்கே தெரியும், காங்கயம் வெள்ளகோயில் பக்கமெல்லாம் நட்ட ஈடு கேட்டுப் போராட்டம் பண்ணுனாங்க. இவன் வெளையாட்டுக்குத் தொரத்துனாலும் அது ஆட்டுக்குத் தெரியாது, ஆட்டுக்காரனுக்கும் தெரியாது.

சோறு தட்டுல போடறதில்ல. நீ வாங்கிக் குடுத்த பொட்டண உருண்டைய பாதி புல்லுல வீசி விட்டுருவேன், பொறுக்கித் தின்னட்டும்னு. மீதிய ஒரு போசில மோர்ச் சோறோட பெசஞ்சு ப்ரீசர்ல வெச்சுருவா உங்கம்மா, உச்சிப்பொழுதுல அத நக்கிட்டே இருப்பான், நக்கறதும் மெல்றதும் நாய அமத்துமாம். நீ அனுப்புன அந்த காங்ங்கற ரப்பர் பொம்மையும் நல்லாத்தான் இருக்குது, உள்ள அடைச்சு வெச்சா அரை மணி நேரம் ஓடுது, கொங்கு நாட்டுக்குன்னே பேர் வெச்சாப்புல. ஆனா வேக வெச்ச கோழி எலும்பு மட்டும் வேண்டாம், சிம்பு சிம்பாப் பேந்து கொடல்ல குத்தும், இத உங்கம்மாகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூணும் நாய்க்கு வெசம், உன் ஊட்டுல சாக்லேட் சோபாவுக்கு அடில கெடக்கும், பாத்துக்க.

தாவறதுக்கு வருவோம். அவன் தாவறப்ப நீ என்ன பண்ணுவ, ஏய் மிலோ நோ நோன்னு கத்திட்டு ரெண்டு கையாலயும் தள்ளுவ. அவனுக்கு அது வெளையாட்டு, கத்தறது நீயும் கூடச் சேர்ந்து குலைக்கறாப்புல. நாங்க மரம் மாதிரி திரும்பி நின்னுக்குவோம், கை மார்ல, கண்ண மேல வெச்சுக்கறது, நாலு காலும் தரைல பட்டதும் மெதுவா ஒரு தடவு. மொத நாலஞ்சு நாள் தாவறது எச்சாத்தான் ஆச்சு, முன்னால பலிச்சது இப்பப் பலிக்கலீன்னா இன்னம் அழுத்திப் பாக்கறது கொழந்தைக்கும் உண்டில்ல, அந்த நேரத்துல தான் எல்லாரும் விட்டுப்போடறாங்க. பால் ஊத்தற பையன் ஒருத்தன் வாடா ராசான்னு தூக்கித் தூக்கிக் கொஞ்சி ஒரு வாரத்த வீணாக்குனான், அவனத் திருத்தறதுக்கு நாயத் திருத்துனத விடக் கஷ்டமாப் போச்சு. மாப்ளகிட்டயும் சொல்லு, அவரு ஒரு சட்டம் நீ ஒரு சட்டம்னா ஆகாது.

எல்லாத்துலயும் முக்கியம் சாக்கு. ஒரு பழைய சணல் சாக்கு, ரெண்டா மடிச்சு வாசல்ல போட்டிருக்கேன். அவனா அதுல படுத்தான்னா ஒண்ணும் பேசாம ஒரு துண்டு வெந்த ஈரல முன்னால வெச்சுட்டு நடந்துருவேன். சபாஷ் கிபாஷ்னு கொண்டாடுனா எந்திரிச்சுக்குவான், அதுனால சத்தமே கூடாது. மேல் சட்டப் பாக்கெட்டு பூராவும் ஈரல் நாத்தம், உங்கம்மா என்னை ஊட்டுக்குள்ளயே விட மாட்டேங்கறா. பத்து நாள்ல சாக்குலயே படுத்தா வருமானம்னு கண்டுக்கிட்டான். அதுக்கப்பறம் ஒரு அடி தள்ளிப் போயி வருவேன், பத்தடி, கேட் வரைக்கும், கேட்டத் தட்டுவேன், எக்ஸெல் ஹார்ன் அடிப்பேன், ஆளே வராது, அவன் படுத்திருந்தா ஒரு துண்டு. அங்க உன் பெல்லுக்கும் இதே தான், ஆரும் வராமயே ஒரு நாளைக்குப் பத்து தடவை பெல் அடிச்சுப் பழக்கு, பெல்லுன்னா ஓடறது இல்ல சாக்குக்குப் போறதுன்னு ஆகட்டும். பக்கத்து ப்ளாட்டுக்காரங்ககிட்ட முன்னாலயே ஒரு வார்த்த சொல்லிரு.

மொத்தமா அடங்கிட்டான்னு நெனைக்காத. முந்தாநேத்து ஒறம்பரை வந்தப்ப ஒரு புதுச் செருப்பு போச்சு. பொழுதோட ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிசம் வாலச் சுருட்டிட்டு வெறி புடிச்சாப்புல ஓடுவான், அது எல்லாக் குட்டிக்கும் உள்ளது, விட்டுரு.

கொண்டு போயி விட்டுட்டோமேன்னு நீ அழுதயாமா, உங்கம்மா சொன்னா. நீயும் சின்னதுல ஒரு எடத்துல நிக்க மாட்ட, அம்மாயி ஊட்டுக்கு லீவுக்கு அனுப்பி வெப்போம், எங்களுக்கும் மூச்சு விடோணுமில்ல, அதுக்கு நாங்க என்ன அழுதமா.

சாக்க மடிச்சு ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன், தடுப்பூசி புக்கும் அதுலயே இருக்குது. சாக்கத் தொவைக்காத. நாத்தம் அடிக்குதுன்னு மாப்ள சொன்னாலும் தொவைக்காத, ஊர் வாசனையோட அங்க விரிச்சீன்னா மொத நாளே படுத்துக்குவான்.

வெள்ளிக்கெழமை கேட்டத் தொறந்ததும் மிலோன்னு கத்தாத கண்ணு. எனக்குத் தெரியும் கஷ்டந்தான், ரெண்டரை மாசம் ஆச்சு. பேக்கக் கீழ வெச்சுப்போட்டு தென்ன மரத்தப் பாத்துட்டு நில்லு, அவன் நாலு காலும் தரைல வெச்சு ஒரு மூச்சு விடட்டும், அப்பறம் கொஞ்சிக்க. உங்கம்மாகிட்டயும் இதையே தான் சொல்லி வெச்சிருக்கேன், அவ எங்க கேக்கப் போறா, அவனுக்கு முன்னால அவ ஓடியாருவா.

அப்பா