அது கரப்பான் இல்லை, விட்டில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். 1945-ல் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் விஞ்ஞானி உலகின் முதல் கணினிக்குள் ஒரு பூச்சி செத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்தாராம். அன்றிலிருந்துதான் கணினிப் பிழைக்கு, ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் 'பக்' என்ற பெயர் வந்ததாம். பக்கத்தில் மீசையும் கீசையுமாக ஒரு கரப்பான் பூச்சிப் படம். நாலு வரிக்குள் ஆண்டு தப்பு, கண்டுபிடித்த ஆள் தப்பு, முதல் கணினி என்பது தப்பு, பெயர் வந்த கதை தப்பு. படமும் தப்பு. பூச்சி செத்துக் கிடந்தது மட்டும் சரி.

கோபத்தில் எழுதவில்லை. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். ஆறேழு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டு, 'கிரேஸ் ஹாப்பர்' என்று கத்திய பிள்ளைகளுக்கெல்லாம் பேனா கொடுத்திருக்கிறேன். போன வருஷம் எட்டாவது படிக்கிற ஒரு பையன் அவன் அப்பாவின் போனில் அந்தப் பூச்சியை ஒட்டி வைத்த நோட்டுப் பக்கத்தின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "தாத்தா, இதுல வருஷமே இல்லையே?" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நிஜம்தான், 9/9 என்று மட்டும் இருக்கிறது.

அந்தப் பக்கம் இன்றைக்கும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டிய மார்க் 2 என்ற கணினியின் லாக் புக், அதாவது அன்றாட ஓட்டத்தைக் குறித்து வைக்கும் பதிவேடு, அதன் பக்கம் அது. சம்பவம் நடந்தது 1947 செப்டம்பர் 9. பழைய தலைமுறை ஆட்கள் எல்லோரும் 1945 என்று எழுதியதற்குக் காரணம் ஹாப்பரே பிற்காலத்தில் அப்படி நினைவுகூர்ந்ததுதான். முதல் கணினி என்ற பேச்சுக்கும் இடமில்லை. அதன் அண்ணன் மார்க் 1 அதே ஹார்வர்டில் 1944-லேயே ஓடிக்கொண்டிருந்தது. பிலடெல்பியாவில் கட்டிய எனியாக் என்ற கணினியை 1946-லேயே ஊரைக் கூட்டிக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைக்கு நாலு முறை படித்தேன். நைட் டியூட்டி பார்த்தவனுக்கு லாக் புக்கின் வாசனை தெரியும். காலை எட்டு மணிக்கு ஓட்டம் தொடங்கியது, பத்துக்கு நிறுத்தம். சில ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) வேகச் சோதனையில் தேறவில்லை, மாற்றியாயிற்று. பதினொன்றுக்கு கோசைன் நாடா. பிற்பகல் 3.25-க்குக் கூட்டல் பகுதியின் சோதனை. 3.45-க்கு, பேனல் எஃப், ரிலே 70, உள்ளே விட்டில். அதைப் பக்குவமாக எடுத்து, ஒளி ஊடுருவும் டேப் போட்டு அதே பக்கத்தில் ஒட்டி, கீழே ஒரு வரி. 4.30-க்கு மறுபடி கணக்கு ஓடத் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். உலகப் புகழ்பெற்ற நாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, பாவம்.

பூச்சியைக் கண்டுபிடித்தவர்கள் அன்று இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர்கள். அவர்களில் ஒருவராக வில்லியம் பர்க் என்பவரின் பெயரைச் சொல்கிறார்கள். ஹாப்பர் அந்தக் குழுவில் இருந்தவர், கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. துணுக்கு எழுதுகிறவர்கள்தான் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கட்டினார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தவன். நான் சேர்ந்தபோது இருந்தவை எல்லாம் ஸ்ட்ரோஜர் என்பவர் கண்டுபிடித்த முறையில் ஓடும் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். (அந்த ஸ்ட்ரோஜர் அமெரிக்காவில் பிணம் அடக்கம் செய்யும் தொழில் பார்த்தவர். அவரைப் பற்றியும் ஒரு துணுக்கு உலவுகிறது. அதைக் கிளறினால் இந்தக் கடிதம் முடியாது.) கூடம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் ரேக், ரேக் முழுக்க ரிலே. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும், ஒரு சின்ன இரும்புத் தகட்டை இழுக்கும், தகடு நகர்ந்தால் இரண்டு காண்டாக்ட் முனைகள் ஒன்றையொன்று தொடும். இவ்வளவுதான் ரிலே. ஆனால் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி நகத்தின் கனம்கூட இருக்காது. அதற்குள் ஒரு தூசி போதும், பேச்சு நின்றுபோக.

ஐப்பசியில் முதல் மழை விட்ட ராத்திரி ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும். ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வெந்து சாக வேண்டும், திறந்தால் ஈசல். ரிலே மூடி ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்தால் போதும். மறுநாள் காலை ஒரு சந்தாதாரர், "எல்லா நம்பரும் கிடைக்குது, ஐந்தில் ஆரம்பிக்கிற நம்பர் மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது" என்று புகார் கொடுப்பார். டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு ரேக்காகப் போனால், ஒரு காண்டாக்ட் நடுவே கண்ணாடித்தாள் மாதிரி ஈசல் இறகு ஒன்று நிற்கும். ஈசலைக் காணோம், இறகு மட்டும். போஸ்ட் கார்டில் ஒரு துண்டு கிழித்து முனைகளுக்கு நடுவே விட்டு மெல்ல இழுத்தால் வந்துவிடும். அந்த இறகை ஒட்டி வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஃபால்ட் புத்தகத்தில் 'காண்டாக்ட் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

மார்க் 2-வும் முழுக்க ரிலேயில் ஓடியதுதான். அது இருந்த கட்டடத்தில் குளிர்சாதனம் கிடையாது, ஜன்னலுக்கு வலை கிடையாது, எல்லாம் திறந்தே கிடக்கும் என்று ஹாப்பர் சொல்லியிருக்கிறார். எனக்கு அதைப் படித்ததும் எங்கள் கூடமே கண்முன் வந்து நின்றது.

சரி, அந்த ஒரு வரிக்கு வருவோம். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். பூச்சிக்குக் கீழே அவர்கள் எழுதியதன் பொருள் இது: 'பக் நிஜமாகவே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம்.' அந்த 'நிஜமாகவே'-யைப் பாருங்கள். 'பக்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாவிட்டால் அதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் சின்னச் சின்னதுக்கெல்லாம் "தலையில் இடி விழுந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் அவர் வீட்டுத் தென்னையில் உண்மையாகவே இடி விழுகிறது. மறுநாள் அவர் எப்படிச் சொல்வார்? அந்தத் தொனியில் எழுதிய வரி அது. வேலைக் களைப்பில் இருந்த நாலு பேர் தங்களுக்குள் சிரித்துக்கொண்ட ஜோக். உங்கள் துணுக்கு அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டுப் பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டது.

சொல் எவ்வளவு பழசு என்றால், தாமஸ் எடிசன் 1878-லேயே கடிதங்களில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த ஆண்டு மார்ச்சில் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனித் தலைவர் வில்லியம் ஆர்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில், என் கருவியில் ஒரு 'பக்' இருந்தது, ஆனால் தொலைபேசியில் இல்லை என்று சொல்லி, அந்தப் பூச்சிக்கு லத்தீன் மாதிரி 'கால்பெல்லம்' என்று ஓர் இனப்பெயரும் சூட்டுகிறார். கால் பெல்லில், அதாவது அழைப்பு மணியில், இருக்கிற பூச்சி! தொலைபேசி அழைப்புக் கருவிகளில்தான் அது வாழ வசதி அதிகமாம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பூச்சியோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி சொல்லத் தயார்.

நம் கணித்தமிழ் ஆட்கள் 'பக்' என்பதற்குப் பூச்சியை நாடாமல் 'வழு' என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்த காரியம் அது. திணை வழு, பால் வழு, கால வழு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதே வழுதான். இதில் இன்னொரு வசதி. பசுவைப் பார்த்து உவப்பில் "என் அம்மா வந்தாள்" என்றால் அது தப்புதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்ட தப்பு, வழுவமைதி. மென்பொருள் எழுதுகிறவர்கள், "அது பிழை இல்லை சார், வேண்டுமென்றே வைத்தது" என்று சமாளிப்பார்கள் இல்லையா? அதற்கு நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹாப்பருக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்றால் பூச்சி எதற்கு? 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் நிரலை, எழுதியவர். கோபால் (COBOL) என்ற கணினி மொழிக்கு அடித்தளம் போட்டவர். 79 வயதில், 1986-ல், ரியர் அட்மிரலாகக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். கூட்டங்களில் பேசப் போகும்போது ஒரு கட்டு வயர்த் துண்டுகளை எடுத்துப் போவார், ஒவ்வொன்றும் 11.8 அங்குலம். ஒரு நானோ செகண்டில் ஒளி போகிற அதிகபட்ச தூரம் இது என்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். இதைத் துணுக்காகப் போட்டால் படிக்கிற பிள்ளை ஸ்கேலை எடுத்து அளந்து பார்க்கும். போன மாதம் வினாடி வினாவுக்கு நான் பழைய ஜம்பர் வயரை அப்படி வெட்டி எடுத்துப் போனேன். இருபத்து மூன்று பிள்ளைகள். ஒருத்தரும் வயரைத் திருப்பித் தரவில்லை. பேனாவைக்கூட அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படத்தையாவது மாற்றுங்கள். கரப்பானை எடுத்துவிட்டு ஒரு விட்டில் வரையச் சொல்லுங்கள், இரண்டு இறகோடும் மேலே ஒரு டேப்போடும். கீழே 'ரிலே 70, பேனல் எஃப்' என்று சின்ன எழுத்தில் போட்டால் என்னைப் போன்ற பழைய ரேக் ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
கும்பகோணம்.