கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கும் கமக்காரருக்கு முன்கூட்டியே விளக்கம் தரக் கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
கிளிநொச்சி.

மதிப்புக்குரிய ஐயா,

நான் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரன். வயது 54. ஐந்து வருடமாக இரவில் கொலஸ்ட்ரோலுக்கான அட்டோவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் குளிசை போடுகிறேன்.

கடந்த சிறுபோகத்துக்கு முன்னம் வாய்க்கால் துப்பரவுச் சிரமதானத்தில் இரண்டு நாள் உச்சி வெயிலில் மண் வெட்டினேன். அந்தக் கிழமை இருமலுக்கென்று வெளியில் வாங்கிய கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையும் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தொடை கல்லுப்போல இறுகிவிட்டது. வேலை செய்த உடம்பு நோகத்தானே செய்யும் என்று கடையில் டைக்ளோஃபெனக் என்ற நோக்குளிசை வாங்கிப் போட்டேன். பின்னேரம் சலம் பிளேன்ரீ நிறத்தில் போனது. உடம்புச் சூடு என்று சொல்லி மனுசி இரண்டு இளநீர் வெட்டித் தந்தா.

வைத்தியசாலையில் சலத்தில் பட்டியை நனைத்துப் பார்த்தபோது இரத்தம் என்று காட்டியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியம் இல்லை. தசை சிதைந்து அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் சலத்தில் இறங்குகிறது என்று வைத்தியர் அதை வைத்தே சந்தேகப்பட்டார். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் சி.கே. என்ற நொதியம், 200 அளவுக்குள் இருக்கவேண்டியது, பல ஆயிரமாக நின்றது. நாலு நாள் சேலைன் ஏற்றித்தான் சிறுநீரகம் தப்பியது.

கிளாரித்ரோமைசின், அட்டோவாஸ்டாட்டினை ஈரல் உடைக்கவிடாமல் தடுத்து இரத்தத்தில் கூட்டிவிடுமாம். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்குமாம். இளநீர்கூட அந்த நேரம் நல்லதில்லையாம்: சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ஏற்கனவே இரத்தத்தில் ஏறியிருக்கும், இளநீரிலும் அது நிறைய. கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். இவ்வளவும் கட்டிலில் கிடந்தபோதுதான் அறிந்தேன்.

குளிசையைக் குறை சொல்லவில்லை ஐயா. மாரடைப்பைத் தடுக்கிற மருந்து அது. இப்படி நடப்பது அரிது என்றும் சொன்னார்கள். ஆகையால் இந்த மனுவைப் பார்த்து ஒருவரும் தானாகக் குளிசையை நிறுத்தக்கூடாது.

கேட்பது இதுதான். கிளினிக் கொப்பியில் தமிழில் இரண்டு வரி அச்சடித்து ஒட்டித் தாருங்கள்: ‘காரணமின்றித் தசை நொந்தாலோ, சலம் கறுத்தாலோ அன்றே வாருங்கள். வேறு மருந்து வாங்கும்போது இந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.’ பாமசிகளும் நோக்குளிசை கொடுக்குமுன் ‘வேறென்ன குளிசை போடுறீங்கள்?’ என்று கேட்க அறிவுறுத்த வேண்டும். முடிந்தால் அடுத்த சிரமதானத்துக்கு முன்னம் நடக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வைத்தியரை அனுப்பி வையுங்கள். கொப்பியுடன் வரச்சொல்லி எல்லாருக்கும் நான் அறிவிக்கிறேன்.

இங்ஙனம்,
இரணைமடுக் கமக்காரன் ஒருவன்