தேதியை வெட்டாதீர்கள்

கடலூர் மாவட்டத்து எல்லாக் கட்சி நிர்வாகிகளுக்கும், ஐடி விங்கில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, எங்கள் தெருக்காரி. மழைக்கு மழை சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தவள். ‘கவுன்சிலருக்கு நில்லும்மா’ என்று தெருவே கேட்டது. மறுநாளே வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட். விரிசல் விட்ட போனில் அவள் அம்மா எனக்குக் காட்டினார். முகப்புப் படமாக ஒரு நடிகர். இன்னொரு நடிகரின் ரசிகரைத் திட்டி இரண்டு வரி. காது கூசும் வசவுதான், மறுக்கவில்லை. ஆனால் தேதி இருக்கும் இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். அவள் அதை எழுதியது 2020இல், 14 வயதில். இப்போது தெருக் கூட்டத்துக்கே வருவதில்லை.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் பள்ளியைப் பூட்டிவிட்டு, ‘ஆன்லைன் வகுப்பு, போன் வாங்கிக் கொடுங்கள்’ என்று பெற்றோரிடம் சொன்னதே ஆசிரியர்களாகிய நாங்கள்தான். கடன்பட்டு வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்தபின் நாள் முழுக்கப் பிள்ளையும் போனும்தான். நம் வயசுப் பேச்செல்லாம் கெடிலம் ஆற்றங்கரையோடு போயிற்று. இவர்களுடையது அழித்தாலும் யாரோ ஒருவர் போனில் கிடக்கிறது.

கடலூர் மாநகராட்சிக்கு முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. ஐந்தாண்டுக் கணக்குப்படி அடுத்தது 2027. கவுன்சிலருக்கு நிற்க 21 வயது போதும். பாதி இடம் பெண்களுக்கு. 2020இல் 14 வயதில் போன் பிடித்த பிள்ளைகளுக்கு அப்போது சரியாக 21.

2013இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இளைஞர் காவல் ஆணையராகத் தேர்வான 17 வயது பாரிஸ் பிரவுன், சிறுவயது ட்வீட்டுகளுக்காகச் சில நாட்களிலேயே விலகவேண்டி வந்தது. 2015இல் ஸ்காட்லாந்தில் 20 வயது மைரி பிளாக்கின் பழைய ட்வீட்டுகளையும் தோண்டினார்கள். மக்கள் அவரை எம்.பி. ஆக்கினார்கள். நம் உச்ச நீதிமன்றத்தின் 2017 அந்தரங்க உரிமைத் தீர்ப்பில்கூட, சிறுவயதுத் தவறுகளின் விளைவைப் பிள்ளைகள் ஆயுள் முழுக்கச் சுமக்கக்கூடாது என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் எழுதியிருக்கிறார்.

‘சாதி வெறியோடு எழுதியிருந்தால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரில் கூப்பிட்டு இன்று என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள்; பதிலை வைத்து முடிவெடுங்கள். பதினெட்டு தாண்டியவர் எழுதியதை நான் காப்பாற்றச் சொல்லவில்லை. அதற்கு முந்தியதைப் பிரசாரத்தில் எடுக்கமாட்டோம் என்று எல்லாக் கட்சியும் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். வேட்பாளர் நேர்காணலிலும் அதைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அதுவரைக்குமாவது, தேதியை வெட்டாமல் போடுங்கள்.

சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கு அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டப்போகிறேன்.