பாக்கெட்டின் பின்பக்கத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிக்குப் போகும் சின்னக் குழந்தைகளுக்கு என்ன கொடுத்தனுப்பலாம் என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் ஒரு பக்கம் வந்திருந்தது. வண்ணமயமான பக்கம். மூலையில் நாலைந்து பாக்கெட்டுகளின் படம், மேலே 'ஆரோக்கியமான தேர்வுகள்' என்று தலைப்பு. எதனால் ஆரோக்கியம் என்று எங்கும் ஒரு வரி இல்லை. பாக்கெட்டுகள் எல்லாம் முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். அது சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம்.

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. சாப்பாட்டு மணி அடித்தால் என் முதல் வேலை பாக்கெட் கிழிப்பது. நான்கு வயது விரலுக்கு அந்த உறை மசியாது. இழுத்துப் பார்ப்பார்கள், பல்லால் கடித்துப் பார்ப்பார்கள், கடைசியில் எச்சிலோடு என்னிடம் நீட்டுவார்கள். கிழிப்பதற்காகத் திருப்பும்போது கண்ணில் படுவது பின்பக்கம். கடையில் பெற்றோர் பார்க்க நேரமில்லாத அந்தப் பொடி எழுத்துகளை இப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். பெற்றோரைக் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து, அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை அலமாரி முன்னால் நிற்பவருக்கு முன்பக்கம்தான் தெரியும். முன்பக்கம் வரைபவர்களுக்கும் அது தெரியும்.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். முன்னால் கோதுமைக் கதிர், பால் டம்ளர், சிரிக்கும் பொம்மை. பின்னால் ஒரு அட்டவணை. 'ஒரு பரிமாறும் அளவு: 2 பிஸ்கட், 20 கிராம். சர்க்கரை: 5 கிராம்.' ஐந்து கிராம்தானே என்று தோன்றும். ஆனால் பாக்கெட்டில் இருப்பது 60 கிராம். இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கும் குழந்தையை நான் இன்னும் சந்திக்கவில்லை. முழுதும் தின்றால் 15 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 4 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட நான்கு ஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்ன கணக்கு இது: இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாள் முழுதுக்கும் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும், இரண்டு வயதுக்குக் கீழே அறவே கூடாது. இடைவேளை பிஸ்கட்டிலேயே அதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. மாலைப் பானமும் பிறந்தநாள் சாக்லேட்டும் இன்னும் பாக்கி.

அதனால் 'பரிமாறும் அளவு' என்ற பத்தியை விட்டுவிட்டு, பக்கத்தில் '100 கிராமுக்கு' என்ற பத்தி இருந்தால் அதைப் பார்ப்பதுதான் நல்லது. பரிமாறும் அளவு ஒரு பாக்கெட்டில் 20 கிராம், இன்னொன்றில் 30 கிராம் என்று மாறும். 100 கிராம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டு பாக்கெட்டை அருகருகே வைத்து ஒப்பிட அதுதான் வழி. பிரிட்டனில் பாக்கெட்டின் முன்னால் போடும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம்கூட இந்த அடிப்படையில்தான் போடப்படுகிறது: 100 கிராம் உணவில் மொத்த சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 5 கிராமுக்குள் இருந்தால் பச்சை. மனதில் வைத்துக்கொள்ள இந்த இரண்டு எண்ணே போதும். மேலே சொன்ன பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 25. சிவப்பு.

சேர்மானப் பட்டியல் இன்னும் சுவாரசியமானது. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 'பல தானியம்' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்; பட்டியலில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து எண்ணெய், வால்பகுதியில் ஓட்ஸும் மற்றதும் சில சதவீதம். பல தானியம் என்பது பொய் இல்லை, தானியங்கள் இருக்கத்தான் செய்கின்றன, ஊறுகாய் அளவுக்கு. சர்க்கரையைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், தேன், பழச்சாறு அடர்வு (நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய பழச்சாறு) எல்லாம் அதே குடும்பம். ஒரே பெயரில் போட்டால் முதலிடத்துக்கே வந்துவிடக்கூடும். நான்கு பெயராகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற பழ பாரின் பட்டியலில் பழச்சாறு அடர்வு இரண்டாவதாக இருப்பதை நானே படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் பழச்சாறும் அடர்வும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையில்தான் சேர்த்தி. முழுப் பழத்தில் இருப்பதை அதில் சேர்ப்பதில்லை. அந்த ஒட்டும் பழ மிட்டாய்கள் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வது வேறு.

உப்பு வகையறாவுக்கு வருவோம். இனிப்பைத் தவிர்க்கிறோம் என்று காரப் பாக்கெட்டுக்கு மாறுகிற பெற்றோர் நிறைய. 'எண்ணெயில் பொரிக்காதது' என்று எழுதியிருந்தால் இன்னும் நிம்மதி. பொரிக்காவிட்டாலும் மேலே எண்ணெயும் உப்பும் தூவலாம், தூவுகிறார்கள். லேபிளில் பெரும்பாலும் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வைட்டமின் சேர்த்தது, இரும்புச்சத்து சேர்த்தது என்ற வாசகங்களைப் பற்றி ஒரே வரி: அவை சேர்ந்ததால் உள்ளே இருக்கும் சர்க்கரையும் உப்பும் குறைவதில்லை.

சிலி நாட்டில் 2016 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு, கலோரி வரம்பைத் தாண்டினால் பாக்கெட்டின் முன்னாலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை விழுந்த பண்டத்தில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் போடக் கூடாது, பள்ளிக்குள் விற்கவும் கூடாது. பின்பக்கத்துச் சேதியை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் எல்லா இடத்திலும் வரும்போது வரட்டும். ஒரு நாளிதழால் இன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது: இனி எந்தப் பாக்கெட்டை நல்லது என்று பரிந்துரைத்தாலும் அதன் பின்பக்கத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள், படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கி. நிறுவனம் கொடுத்த படம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அதே பக்கத்தில் உடனே திருத்த வேண்டிய ஒன்று. சாப்பாட்டு டப்பா படத்தில் முழுத் திராட்சையும் முழுக் கடலையும் இருந்தன. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இரண்டுமே ஆபத்து. உருண்டையாக, வழுக்கலாக இருக்கும் திராட்சை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும் அளவிலேயே இருக்கிறது. குறுக்கே வெட்டினாலும் வட்டம் வட்டம்தான். நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். கடலையை அரைத்துக் கொடுக்கலாம், ஆனால் வகுப்பில் வேறு குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான். எங்கள் வகுப்பில் விதி, யாரும் யாருக்கும் ஊட்டக் கூடாது. அதையும் மீறி ஊட்டுவார்கள், அது தனிக் கதை.

பாக்கெட்டுக்கு மாற்றாக என்ன வைக்கலாம் என்றால், நான் பார்த்தவரை சாதாரணமானதே ஓடுகிறது: வாழைப்பழம், தோல் சீவித் துண்டாக்கிய ஆப்பிள், வேகவைத்த முட்டை, நன்றாக வேகவைத்து லேசாக நசுக்கிய பயறு, சர்க்கரை போடாத தயிர். முட்டை, தயிர் மாதிரி சீக்கிரம் கெடுவதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரம் தள்ளி இருந்தால் முந்தின இரவே உறைய வைத்த சின்ன தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்துவிடலாம். குடிக்கவும் ஆயிற்று. டப்பாவைக் குழந்தையே திறக்க முடிகிறதா என்று வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு பக்கமும் பூட்டுப் போட்ட டப்பாவோடு போராடி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பாக்கெட் மட்டும் எப்படியும் என்னிடம் வந்து கிழிபட்டுவிடும், நல்ல சாப்பாடு மூடிக்குள்ளேயே கிடக்கும்.

புதுக் காய் ஒன்றை முதல் தடவை துப்பினால் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை பார்த்து, தொட்டு, நக்கிய பிறகுதான் பல குழந்தைகள் ஒரு புது உணவை ஏற்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிடித்த உணவோடு ஒரே ஒரு துண்டு வைத்தால் போதும். டப்பா நிறைய அதையே வைத்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

மீதியை ஏன் கொட்டாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று பெற்றோர் என்னிடம் கோபப்படுவதுண்டு. வேண்டுமென்றேதான் அனுப்புகிறோம். எது போனது, எது நின்றது, எவ்வளவு நின்றது என்று வேறு எப்படி அவர்களுக்குத் தெரியும்? பெரும்பாலும் அளவுதான் அதிகம். பெரியவர்கள் தங்கள் பசிக்கு அளந்து வைத்துவிடுகிறார்கள். டப்பா பாதியாகத் திரும்பி வந்தால் மறுநாள் பாதியே வையுங்கள். போதவில்லை என்றால் குழந்தை என்னிடம் கேட்கும், நான் உங்களிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை