செயலாளரின் ஆண்டறிக்கை 2024: பல்கலைக்கழக மாணவர் தலைமைத்துவப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, மன்ற உறுப்பினர்களே, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளே, வேலை நாளிலும் பேரை, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவை, விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெற்றோரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகளுக்குச் சமூகப் பிரச்சினைகளில் தலைமைத்துவப் பயிற்சி கொடுப்பது என்று தீர்மானித்தோம். பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து 31 பேர் பதிந்தார்கள். பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, யாழ்ப்பாணம், கிழக்கு என்று நான்கு பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள். பெரும்பாலானோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள்.

முதல் நான்கு மாதம் நாம் நடத்திய விதம் சரியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடைப் பேச்சு, நேர முகாமைத்துவம், தலைவருக்குரிய பண்புகள் என்று செயலமர்வுகள் வைத்தோம். பயிற்சி தர வந்த வளவாளர்கள் நன்றாகவே பேசினார்கள். பிழை அவர்களுடையது அல்ல. ஆனால் பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டு போனார்களே தவிர, எதையும் கையில் எடுத்துச் செய்யவில்லை. ஏப்ரல் மாதம் வரவுப் பதிவேட்டில் 11 கையொப்பங்கள்தான் இருந்தன. நான்கு பல்கலைக்கழகங்களின் பரீட்சைக் காலமும் விடுமுறையும் ஒன்றோடொன்று ஒத்துவராததும் ஒரு காரணம். எல்லோருக்கும் பொதுவான விடுமுறை பௌர்ணமி நாளான போயா தினம்தான் என்று கண்டு, மே மாதத்திலிருந்து கூட்டங்களை அதற்கு மாற்றினோம். தோட்டங்களின் உள்பிரிவுகளுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் பெண்பிள்ளைகள் நடந்துதான் வீடு சேர வேண்டும் என்பதால், நான்கு மணிக்கு முடிந்த கூட்டத்தை இரண்டு மணிக்கே முடித்தோம். இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டும் மூன்று தாய்மார் என் வீடு தேடி வந்து நன்றி சொன்னார்கள்.

வெசாக் போயாவன்று ஒரு மாணவி எழுந்து நின்று, "டீச்சர், அக்காவுக்கு வந்த கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஓர் உறையை நீட்டினாள். அரசாங்க உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சை அழைப்பு. உறையின் மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. தபால் முத்திரையைப் பார்த்தால் கடிதம் நேரத்துக்கே வந்திருக்கிறது. அக்காவின் கைக்குக் கிடைத்ததோ நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள் கழித்து. அதுவரை ஒரு தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடந்திருக்கிறது. உறை கைமாறி வட்டமாகச் சுற்றி வந்தது. ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, அடையாள அட்டை, புலமைப்பரிசில் கடிதம். அன்றுதான் இந்தப் பயிற்சி உண்மையில் தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குத் தனி முகவரி இல்லை. பெயர், பிரிவு, தோட்டம், அவ்வளவுதான். ஒரே பிரிவில் நான்கு ராஜேஸ்வரிகள் இருந்தால் கடிதம் யாருக்கு? பிள்ளைகள் முதலில் செய்த வேலை, மூன்று பிரிவுகளில் காம்பிராக் காம்பிராவாக, அதாவது அறை அறையாகப் போய், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் என்று வரைபடம் கீறியது. மேட்டு லயம், பள்ளத்தில் உள்ள பணிய லயம், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம் எல்லாம் அதில் இருக்கின்றன. குழுக்களைப் பல்கலைக்கழகவாரியாகப் பிரிக்காமல் தோட்டவாரியாகப் பிரித்ததால்தான் இது முடிந்தது. விடுமுறைக்கு யார் ஊர் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது.

அந்த வேலையின்போது ஒரு பாட்டி பெட்டியைத் திறந்து பழைய கடிதக்கட்டு ஒன்றைக் காட்டினார். 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையக மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அதில் அந்தப் பக்கம் போன தம்பி எழுதியவை. நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003 இல் வந்த சட்டத்தையும் வகுப்பில் நான் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அந்தப் பாட்டி கட்டை அவிழ்த்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு அது விளங்கிவிட்டது. தபால் தவறிய ஒரு வருடம், தம்பி செத்துப்போனான் என்றே நினைத்து அழுதாராம்.

ஆபீசுக்குக் கொடுக்க மாணவர்கள் எழுதிய முதல் மனு மிகவும் சூடாக இருந்தது. கோபம் நியாயமானது, ஆனால் அதை வாசிப்பவர் முதல் வரியிலேயே கதவைச் சாத்திவிடுவார். ஒரு வாரம் வைத்திருந்து அவர்களே திருத்தினார்கள். குற்றம் சாட்டாமல் ஒன்றே ஒன்றைக் கேட்டார்கள்: ஒரு தபால் குறிப்பேடு. கடிதம் வந்த திகதி, பெயர், லய இலக்கம், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என நான்கு நிரல்கள். ஊவா வெல்லஸ்ஸ மாணவர் ஒருவர் அதைச் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தார். இரண்டு பிரிவுகளில் சம்மதித்தார்கள். ஓகஸ்ட் முதல் பிள்ளை மடுவத்துச் சுவரில் கடிதம் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படுகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமார் பிள்ளையைத் தூக்கும்போதே பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பிரிவில் இன்னும் பதில் இல்லை. மூன்று தடவை போய் வந்துவிட்டோம்.

பிரதேச சபைக்கும் மனு கொடுத்தோம். தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்க முடியாது என்ற பழைய பதில் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு செல்லாததாகிவிட்டது என்பதை நம் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்து மனுவில் எழுதினார்கள். 2023 மார்ச் முதல் சபைகளில் உறுப்பினர்கள் இல்லாதிருந்ததால் சபைச் செயலாளரிடம் கையளித்தோம். லயங்களுக்குப் பெயர்ப் பலகையும் வீட்டிலக்கமும் வேண்டும் என்பது கோரிக்கை.

செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்ததும், அம்மாமாரின் சம்பளச் சீட்டை வாசிக்கும் நாள் ஒன்று வைத்தோம். முகாமைத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் மாணவன் ஒருவன் தன் தாயின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், ஆக ஒரு நாள் பேருக்கு 108 ரூபா பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். அந்தத் தாய், "அரைப்பேர் போட்ட நாளுக்கு எவ்வளவு என்றும் சொல்லு தம்பி" என்று கேட்டார். அவன் அடுத்த போயாவுக்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டறிந்து வந்து விடை சொன்னான்.

இது தேர்தல் ஆண்டு. மாணவர்களை மேடைக்கு அனுப்பும்படி இரண்டு தரப்பிலிருந்து கேட்டார்கள். செயற்குழு ஒருமனதாக மறுத்தது. அதனால் வரவேண்டிய ஒரு நன்கொடை நின்றுபோனது. அந்த முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ஆண்டு முடிவு வரை பயிற்சியில் தொடர்ந்து இருந்தவர்கள் 22 பேர். விலகிய ஒன்பது பேரில் நால்வர் படிப்புச் செலவுக்காகப் பகுதிநேர வேலைக்குப் போனவர்கள். பஸ் கட்டணத்தையாவது மன்றம் கொடுத்திருக்க வேண்டும். வரும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் விடுமுறை முடிந்து போனதும் தபால் குறிப்பேட்டை வாரம் ஒருமுறை பார்த்துவர ஊரில் இருப்பவர்கள் இருவர் தேவை. மேற்பிரிவுக்கு ஒருவர், கீழ்ப்பிரிவுக்கு ஒருவர். கூட்டம் கலையுமுன் பெயர் தாருங்கள். மூன்றாவது பிரிவுக்கு நான்காம் தடவை போகும் நாள், அடுத்த போயாவுக்கு மறுநாள் காலை எட்டு மணி.