பிரேம் போட்ட மூன்று பிரிண்ட்களிலும் குறை: மாற்றித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: படங்கள் வெட்டுப்பட்டும் இழுபட்டும் வந்திருப்பது, மவுண்ட், கண்ணாடி, பின்பலகை சொன்னபடி இல்லாதது

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் வரவேற்பறைக்காக வாங்கிய மூன்று பிரிண்ட்களும் வந்து சேர்ந்தன. ஹோக்குசாயின் கனகாவா பேரலை (50×40 செ.மீ. பிரேம்), வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் (30×40), வான் கோவின் பாதாம் மலர்கள் (90×60). முழுப் படம், அமிலமற்ற மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் திறப்பு வெட்டிய அட்டை), புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அருங்காட்சியகத் தரம் என்று மூன்றுக்கும் உங்கள் விற்பனைப் பக்கம் உறுதி சொல்கிறது. வந்த பொருளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பதை அளந்து, பிரித்துப் பார்த்து எழுதுகிறேன். உங்கள் பட்டறையில் உள்ளவர்கள் இதே அளவுகளை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பேரலை. அசல் மரக்கட்டை அச்சு ஏறத்தாழ 25.7 செ.மீ. உயரம், 37.9 செ.மீ. அகலம். அதாவது உயரத்தைப்போல் 1.47 மடங்கு அகலம். நீங்கள் 50×40 பிரேமில் சுற்றிலும் 5 செ.மீ. மவுண்ட் விட்டு, 40×30 திறப்பு வெட்டியிருக்கிறீர்கள். அது 1.33 மடங்குதான். திறப்பை நிரப்புவதற்காகப் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் பெரும்பாலும் இடப்பக்கமாக. இடப்பக்க மேல் மூலையில்தான் தலைப்புக் கட்டமும், அதற்கு இடப்பக்கத்தில் ஓவியரின் கையொப்பமும் இருக்கின்றன. வந்திருக்கும் பிரிண்டில் கையொப்பம் முழுவதும் இல்லை, தலைப்புக் கட்டம் பாதியில் அறுந்து நிற்கிறது. அலை எழுந்து வரும் உடலும் இடப்பக்கத்தில்தான். அது குறைந்ததால், ஃபுஜி மலையை நோக்கிச் சரியும் அந்தப் பெரிய வளைவு தொடக்கமே இல்லாமல் நிற்கிறது.

இதைத் தவிர்க்க வேறு பிரேம்கூடத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் பிரேம் அளவுகள் சில. ஓவியங்களின் அளவுகளோ எண்ணற்றவை. இரண்டுக்கும் நடுவில் வரும் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்வது மவுண்டின் முக்கியமான வேலை. அதே 50×40 பிரேமில் 42×28.5 செ.மீ. திறப்பு வெட்டினால் பக்கங்களில் 4 செ.மீ. வீதமும், மேலும் கீழும் 5.75 செ.மீ. வீதமும் மவுண்ட் நிற்கும், படம் முழுதாகத் தெரியும். நான்கு பக்கமும் ஒரே அகலம் வேண்டும் என்ற பிடிவாதத்தால் படத்தையே வெட்டியிருக்கிறீர்கள்.

வெர்மீர் பிரிண்டில் நடந்திருப்பது இதைவிட மோசம். இங்கே வெட்டவில்லை, இழுத்திருக்கிறீர்கள். அசல் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம், கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் படம். உங்கள் மவுண்டின் திறப்பு 21×28. அகலம் 21 என்றால் உயரம் 24 இருக்க வேண்டும். அந்த 24-ஐ 28 ஆக நீட்டியிருக்கிறீர்கள், 17 சதவீதம் நீளம். கன்னத்தின் உருட்சி போய் முகம் ஒடுங்கிவிட்டது. தலையில் கட்டிய நீலத் துணி உயர்ந்து கோபுரமாகிவிட்டது. காதிலிருந்து தொங்கும் முத்து முட்டை வடிவமாகிவிட்டது. இதே படத்தை உங்கள் விற்பனைப் பக்கத்தில், சோபாவுக்கு மேல் மாட்டியிருப்பதுபோல் காட்டும் மாதிரிப் படத்தில் பார்த்தால் முகம் சரியாகத்தான் இருக்கிறது. வாங்குபவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அதை. கைக்கு வருவது வேறு. இது அச்சுப் பிழை அல்ல, பொருளே மாறியிருக்கிறது. 21×24 திறப்பு, மேலே 7.5, கீழே 8.5 செ.மீ. மவுண்ட் என்று வைத்திருந்தால் அதே பிரேமுக்குள் அழகாக அடங்கியிருக்கும். கீழ்ப்பக்கம் சற்றுக் கூடுதலாக விடுவது பழைய வழக்கம். சமமாக விட்டால் படம் கீழே நழுவி இறங்கியதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

பாதாம் மலர்களில் இரண்டு குறை. 73.3 செ.மீ. உயரமும் 92.4 செ.மீ. அகலமும் உள்ள அசலை 2:3 அளவுக்குள் அடக்க, உயரத்தில் 16 சதவீதம் வெட்டப்பட்டிருக்கிறது. மேல் கிளைகளின் நுனிகள் போய்விட்டன. இரண்டாவது, கோப்பின் தரம். கிளைகளின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் நீலப் பின்னணியில் சிறு சிறு சதுரங்கள் தெரிகின்றன. அவை ஜேபெக் (JPEG) என்ற படக் கோப்பு வகையின் சுருக்கத்தின் தடம். ஜேபெக் ஒரு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. பிரிண்டில் ஒரு கட்டம் ஏறக்குறைய 3 மி.மீ. அளவு இருக்கிறது. 8 பிக்சல் 3 மி.மீ. என்றால் 90 செ.மீ. அகலத்துக்கு உங்களிடம் இருந்தது வெறும் 2,400 பிக்சல்; அங்குலத்துக்கு 68. சில அடி தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கே அங்குலத்துக்கு 150 வேண்டும், அதாவது 5,300 பிக்சலுக்குக் குறையாத கோப்பு. அருகில் நின்று பார்ப்பதற்கு 300. சிறிய கோப்பை மென்பொருளில் பெரிதாக்கினால் எண்ணிக்கை கூடும், விவரம் கூடாது. வான் கோவின் தூரிகைத் தடம் தெரிய வேண்டிய இடமெல்லாம் மெழுகு பூசியதுபோல் மழுங்கிக் கிடக்கிறது.

இனி பிரேமின் உட்புறம். பேரலைப் பிரிண்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது தாள் அலை அலையாக உப்பியிருந்ததால், பின்பக்கத் தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பிரிண்டின் நான்கு ஓரங்களிலும் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பால் மவுண்டோடு இறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். தாள் உயிருள்ள பொருள் மாதிரி. காற்றில் ஈரம் ஏறினால் விரியும், வறண்டால் சுருங்கும். நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே இன்னும் அதிகமாக விரியும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் விரிவதற்கு இடமில்லாமல் நடுவில் உப்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. முறையான வேலை என்றால் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடங்களில், மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றை மாவுச்சத்துப் பசையால் ஒட்டிப் பிரிண்டைத் தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பசையைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடலாம். டேப்பின் பசையோ காலப்போக்கில் கசிந்து, தாளுக்குள் ஊறி, எண்ணெய்க் கறைபோல் முன்பக்கம் வரை தெரியும். இப்போதே எடுக்க முயன்றதில் ஓர் ஓரத்தில் தாளின் மேல்தோல் டேப்போடு உரிந்து வருகிறது. அதனால் நிறுத்திவிட்டேன். புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

மவுண்ட் போர்டை அமிலம் காட்டும் பேனாவால் சோதித்தேன். வெட்டுமுகத்தில் கோடு போட்டால், அமிலமற்ற போர்டில் அது ஊதாவாக நிற்கும். உங்கள் போர்டில் மேல் தாள் ஊதா, நடுப்பகுதி மஞ்சள். அதாவது மேலே ஒட்டிய தாள் மட்டும் அமிலமற்றது, உள்ளே இருப்பது சாதாரண மரக்கூழ் அட்டை. பிரிண்டைத் தொட்டுக்கொண்டிருப்பது 45 டிகிரி சாய்வில் வெட்டிய அந்த உள்பகுதிதான். சில வருடங்களில் அந்த வெட்டுமுகம் பழுப்பாகும், பிறகு பிரிண்டின் மேலும் திறப்பைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு விழும். அந்தக் கோட்டைத் துடைத்து எடுக்க முடியாது. பின்பலகை 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), அதுவும் அமில ஆவி விடும் பொருள், பிரிண்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்புத் தாள்கூட இல்லை.

கண்ணாடியைச் சோதிப்பது இன்னும் எளிது. சாதாரண வெள்ளை அச்சுத் தாளில் பளிச்சென்று காட்டும் ரசாயனம் கலந்திருக்கும், புற ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தாளை வைத்து முன்பக்கமிருந்து டார்ச் அடிக்க வேண்டும். தடுக்கும் கண்ணாடி என்றால் தாள் ஒளிராது. உங்கள் மூன்று கண்ணாடிகளிலும் நன்றாகவே ஒளிர்கிறது. கூடுதல் விலை வாங்கிக்கொண்டு சாதாரண 2 மி.மீ. கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். உண்மையான தடுப்புக் கண்ணாடி இருந்தாலும் நேர் வெயில் படும் சுவரில் பிரிண்டை மாட்டக்கூடாது என்பது வேறு விஷயம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை மங்கச் செய்யும். இதையும் உங்கள் பக்கத்தில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பாதாம் மலர்களில் மவுண்டே இல்லை. பிரிண்டின் முகம் கண்ணாடியோடு நேராக ஒட்டி நிற்கிறது. கண்ணாடியின் உட்புறம் ஒருமுறை ஈரம் படிந்தால் போதும், மை கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், அல்லது பூஞ்சை வரும். மவுண்ட் வேண்டாம் என்றால் ஓரத்தில் மெல்லிய இடைக்குச்சி வைத்தாவது 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

அதே படத்தின் எடை ஏறக்குறைய 5 கிலோ. கண்ணாடி மட்டுமே 2.7 கிலோ வரும். அதே தடிமனில் அக்ரிலிக் (கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தகடு) என்றால் 1.3 கிலோதான். இந்த எடைக்கு மேல்கட்டையின் நடுவில் இரண்டு குட்டி ஆணியில் நிற்கும் பல்வைத்த தகடு ஒன்றை அடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அது எடை குறைந்த சிறு பிரேமுக்கு மட்டும் ஏற்றது. இங்கே தேவை, இரு பக்கக் கட்டைகளிலும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திருகிய டி-ரிங் (D வடிவ உலோக வளையம்) இரண்டு. அவற்றை நேராக இரண்டு கொக்கியில் மாட்டலாம். கம்பி கட்டினால் தளர்வாகக் கட்ட வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் கம்பியின் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குகிறது. விறைப்பாகக் கட்டி 10 டிகிரி ஆக்கினால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், திருகு பிடுங்கிக்கொண்டு வரும். ஆள் உட்காரும் இடத்துக்கு மேலே மாட்டும் படம் இது.

பேரலைப் பிரேமின் ஒரு மூலை விரிந்திருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயத்தில் இன்னொன்று. உங்கள் பக்கத்தில் "50×40" என்று மட்டும் போட்டிருக்கிறது. அது படத்தின் அளவா, தாளின் அளவா, பிரேமின் வெளி அளவா என்று எங்குமே இல்லை. வந்ததை அளந்தால், கண்ணுக்குத் தெரியும் படம் 40×30, பிரேமின் வெளி அளவு 53×43. வாங்குபவர் சுவரில் காகிதம் வெட்டி ஒட்டித் திட்டமிடுகிறார். இடைவெளி 5 செ.மீ., சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. என்று கணக்குப் போடுகிறார். மூன்று பிரேம்களை வரிசையில் வைத்தால் இந்த 3 செ.மீ. வித்தியாசம் 9 ஆகிறது; போட்ட கணக்கு முழுவதும் தப்புகிறது. மூன்று அளவுகளையும் தனித்தனியே கொடுங்கள். எடையையும் கொடுங்கள். படத்தில் எந்தப் பகுதி வெட்டுப்படும் என்பதை வாங்கும் முன்பே கோடிட்டுக் காட்டுங்கள். தேர்ந்தெடுப்பவருக்கு நிறமும் பிரேமின் மரமும் மட்டும் போதாது.

நான் கேட்பது இவை. பேரலையையும் வெர்மீரையும் மேலே சொன்ன திறப்பு அளவுகளில், முழுப் படமாக, உள்பகுதியும் அமிலமற்ற மவுண்டில், மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு புதிதாகச் செய்து தர வேண்டும். எம்டிஎஃப்புக்குப் பதில் அமிலமற்ற ஃபோம் போர்டு வையுங்கள். 5 மி.மீ. ஃபோம் போர்டு, 2 மி.மீ. கண்ணாடி, 1.5 மி.மீ. மவுண்ட், பிரிண்டைத் தாங்கும் இன்னொரு 1.5 மி.மீ. போர்டு எல்லாம் சேர்ந்தால் 10 மி.மீ. வரும். இப்போதுள்ள பிரேமில் இவையெல்லாம் உட்காரும் உள்பள்ளம் 6 மி.மீ. தான், அதனால்தான் பின்பலகை வெளியே துருத்தி, ஆணிகள் சாய்ந்து நிற்கின்றன. 12 மி.மீ.க்குக் குறையாத பள்ளமுள்ள கட்டையில் செய்யுங்கள்.

பாதாம் மலர்களுக்கு 90×60 பொருந்தாது. 80×60 பிரேமில் 63×50 படமாக, இடைவெளி தரும் மவுண்டோடு, அக்ரிலிக் போட்டு, டி-ரிங் வைத்துத் தர முடியுமானால் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கேற்ற கோப்பு, குறைந்தது 3,700 பிக்சல் அகலமுள்ளது, உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் எழுத்தில் உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அந்தப் படத்தின் விலையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும்.

பழைய மூன்றையும் எடுத்துப்போகும் செலவு உங்களுடையது. பின்பக்கத் தாளைப் பிரித்ததைக் காரணம் காட்டித் திரும்பப்பெற மறுக்க முடியாது. குறை உள்ளே இருக்கும்போது பிரிக்காமல் அதைக் காட்ட வழியில்லை. அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், பேனாச் சோதனை, டார்ச் சோதனை, உரிந்த ஓரம், விரிந்த மூலை ஆகியவற்றின் புகைப்படங்களும், வாங்கிய அன்று சேமித்த உங்கள் விற்பனைப் பக்கத்தின் பிரதியும் இத்துடன் உள்ளன. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். அதுவரை மூன்று படங்களையும் சுவரில் மாட்டாமல், வந்த பெட்டியிலேயே நிமிர்த்தி வைத்திருக்கிறேன். எப்போது ஆள் அனுப்புகிறீர்கள் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்